முற்றம் காங்கிரீட் போட 90,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். ஏப்ரலில் அவர் லீவுக்கு வருவதற்குள் முன்முற்றத்தைக் காங்கிரீட் போட்டுவிட நினைக்கிறோம். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, ஆக 600 சதுர அடி. கேட் பக்கம் பாதி பள்ளமாகக் கிடந்தது. ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவர, போன வருடம் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் அடித்து ஜேசிபியால் மட்டமாக்கினோம். கார் அங்கேதான் நிற்கும். ஒருவர் சதுர அடிக்கு 150 வீதம் 90,000 ரூபாய் கேட்கிறார். "4 இஞ்ச் காங்கிரீட், கம்பி உண்டு, சாமான் கூலி உட்பட" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். முன்பணம் 60,000 வேண்டுமாம். இன்னொருவர் போனிலேயே சதுர அடிக்கு 95 என்றார், அதாவது 57,000. மூன்றாமவர், சாமானும் மிக்சர் வாடகையும் எங்கள் பொறுப்பு என்றால் கூலி மட்டும் சதுர அடிக்கு 40 என்கிறார். "முதல் ஆள் ஏமாத்துறாரு அண்ணி" என்கிறார் என் கொழுந்தன். கடையில் விசாரித்தேன்: சிமென்ட் மூட்டை 370, எம்-சாண்ட் கன அடி 65, மெட்டல் (ஜல்லி) கன அடி 50, கம்பி கிலோ 66. எது நியாயமான விலை? மாமியார் வேறு, புது முற்றத்தில் மிளகு எப்போது காயப்போடலாம் என்று தினமும் கேட்கிறார்.
ஒரு சகோதரி, கருங்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

கடை விலையை விசாரித்து எழுதினீர்களே, அது பெரிய உதவி. இந்த மாவட்டத்தில் 27 ஆண்டுகளாகக் கட்டட வேலை பார்க்கிறேன். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் சதுர அடி ரேட்டை மட்டும் சொல்லி, கூடுதலா குறைவா என்பார்கள். குளச்சலில் ஒருவர் மீன் 500 ரூபாய்க்கு வாங்கினேன், லாபமா என்று கேட்டால், நெய்மீனா சாளையா, எத்தனை கிலோ என்று தெரியாமல் என்ன சொல்வது? உங்கள் மூன்று விலைகளும் அப்படித்தான். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 90,000 கேட்டவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. அந்தத் துண்டுச்சீட்டில் அவர் எழுதாமல் விட்ட சில காரியங்களையும் சேர்த்துச் செய்வதானால் அது சரியான விலை. அவற்றைச் செய்யாவிட்டால் சுமார் 25,000 ரூபாய் கூடுதல். எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருமுறை பழகிவிட்டால் மொட்டை மாடி, மதில், எந்த வேலைக்கு யார் விலை சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

600 சதுர அடிக்கு 4 இஞ்ச் கனம் என்றால் 200 கன அடி காங்கிரீட். கார் நிற்கும் முற்றத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவை வேண்டும். அதாவது ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு மெட்டல். எம் 20 என்று சொல்வார்கள். இந்தக் கலவையில் 100 கன அடிக்கு 23 மூட்டை சிமென்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி மெட்டல் பிடிக்கும். இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முற்றத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்கு: 46 மூட்டை, 84 கன அடி, 168 கன அடி. நீங்கள் விசாரித்த விலையில் சிமென்டுக்கு 17,020, மணலுக்கு 5,460, மெட்டலுக்கு 8,400. ஆக 30,880 ரூபாய்.

அடுத்தது கம்பி. "கம்பி உண்டு" என்பது ஒரு அளவே இல்லை. எத்தனை மில்லி கம்பி, எத்தனை இஞ்சுக்கு ஒன்று என்று கேளுங்கள். 8 மில்லி கம்பியை 10 இஞ்ச் இடைவெளியில் இரண்டு பக்கமும் கட்டினால், 600 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 1,490 அடி கம்பி வேண்டும். 8 மில்லி கம்பி மீட்டருக்கு 395 கிராம் எடை. ஒட்டுப்போடும் இடங்களையும் சேர்த்தால் 185 கிலோ, 12,210 ரூபாய். அதே இடத்தில் 6 மில்லி கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்று போட்டாலும் "கம்பி உண்டு" என்பது பொய்யாகாது. ஆனால் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

காங்கிரீட்டுக்கு அடியில் ஒரு படுகை வேண்டும். பெரிய மெட்டலும் பாறைப்பொடியும் கலந்து விரித்து, இடித்து இறுக்கிய பிறகு 3 இஞ்ச் நிற்கவேண்டும். இடிப்பதற்கு முன் ஏறத்தாழ 190 கன அடி சாமான். உங்கள் மெட்டல் விலையையே வைத்தால் 9,500. மூன்றாமவர் சொன்ன கூலி 24,000. மிக்சர் வாடகை, பாலித்தீன் தாள், கட்டுக்கம்பி, ஓரப்பலகை எல்லாவற்றுக்கும் 4,000 வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 80,590 ரூபாய். இது அசல் செலவு.

ஒப்பந்தக்காரருக்கு இதன்மேல் லாபம் வேண்டும். மத்திய பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்விலேயே லாபத்துக்கும் மேற்செலவுக்குமாக 15 சதவீதம் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டு வேலைக்கும் அதே அளவை வைப்பது நியாயம். சாமான் ஏற்பாடு செய்வது, ஆள் கூட்டி வருவது, மழை வந்தால் நஷ்டத்தை ஏற்பது எல்லாம் அவர் தலையில்தான். சேர்த்தால் 92,700 வருகிறது. அவர் கேட்பது 90,000. இவ்வளவையும் செய்தால் அவர் உங்களிடம் அதிகம் வாங்கவில்லை.

இப்போது 57,000 சொன்னவரைப் பார்ப்போம். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற மெலிந்த கலவையில் 100 கன அடிக்கு 18 மூட்டை சிமென்ட் போதும். கம்பி கிடையாது, படுகை கிடையாது, மண்ணைக் கிளறி மட்டமாக்கி மேலே ஊற்றிவிடுவது. இந்த வேலைக்குச் சாமான் 27,840, கூலியும் வாடகையும் 28,000. லாபம் சேர்த்தால் 64,000 சொச்சம். அதைவிட 7,000 குறைத்துத்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே 57,000-க்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது கம்பியில்லாத, படுகையில்லாத தளம். அதிலும் கனத்திலோ சிமென்டிலோ கை வைக்க வேண்டிவரும். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் போனில் ரேட் கேட்டீர்கள், அவர் தன் மனதில் இருக்கும் முற்றத்துக்கு விலை சொன்னார். கெட்டித்தரையில், ஆள் நடக்க மட்டும் என்றால் அதுபோன்ற தளத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கொழுந்தனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். விலையைவிட எனக்கு அதுதான் கவலை. இரண்டடிச் செம்மண் அடித்து ஜேசிபியால் மட்டமாக்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜேசிபி மண்ணைப் பரத்தும், இறுக்காது. அதன் சக்கரம் ஓடிய தடத்தில் மேலே கொஞ்சம் கெட்டியாகியிருக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. வருடத்தில் இரண்டு தடவை தண்ணீர் உள்ளே இறங்கும்போதெல்லாம் அடியிலுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். மேலே காங்கிரீட் அப்படியே நிற்க, நடுவில் வெற்றிடம் விழும். ஒருநாள் கார் ஏறும்போது குறுக்கே வெடிக்கும். அப்போது கம்பியும் காப்பாற்றாது. கம்பியின் வேலை வெடிப்பு அகலாமல் இழுத்துப் பிடிப்பது. தளத்தைத் தாங்கவேண்டியது மண்.

நான் வேலைக்கு வந்த புதிதில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பழைய வயலை நிரத்தி வீடு கட்டியிருந்தார்கள். முற்றத்துக்கு நல்ல கலவை, நல்ல கம்பி, ஒரு குறையும் சொல்ல முடியாது. நிரப்பிய மண்ணை இடிக்க இரண்டு நாள் கூடுதலாக ஆகும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னபோது, வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது, வேண்டாம் என்று விட்டார்கள். நான் அங்கே மேற்பார்வைக்கு நின்றேன், நானும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கேட் ஓரம் மூன்று இஞ்ச் தாழ்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உடைத்து அள்ளும் செலவே புதிதாகப் போடும் செலவில் பாதி வந்தது. அன்றிலிருந்து நிரப்பிய மண் என்றால் முதலில் கடப்பாரையைத்தான் கேட்பேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். கேட் பக்கம் நான்கைந்து இடத்தில் கடப்பாரையை நேராகத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். பழைய கெட்டித்தரையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய தரையில் இரண்டு இஞ்ச் இறங்கும் கடப்பாரை, நிரப்பிய இடத்தில் ஆறு ஏழு இஞ்ச் இறங்கினால் அந்த மண் இன்னும் உட்காரவில்லை. அப்படியானால் ஒரே வழிதான். மண்ணைத் தோண்டி ஓரமாகப் போட்டு, 6 இஞ்ச் 6 இஞ்சாகத் திரும்ப நிரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, இடி இயந்திரத்தால் இறுக்கவேண்டும். வாழைக்கட்டை, தென்னை வேர் ஏதாவது உள்ளே கிடந்தால் அகற்றிவிடவேண்டும், மட்கும்போது அந்த இடமும் தாழும். 300 சதுர அடியில் இரண்டடி என்றால் 600 கன அடி, அதாவது ஆறு யூனிட் மண். இந்த வேலைக்குத் தனியாக விலை கேளுங்கள். நான் மேலே போட்ட கணக்கில் இது இல்லை, அவருடைய 90,000-லும் இருக்காது.

ஏப்ரலுக்குள் அதற்கு நேரமில்லை, பணமும் இப்போது இல்லை என்றால், கேட் பக்கம் பாதியை மட்டும் இன்டர்லாக் கல் பதித்துவிடுங்கள். மண் தாழ்ந்தாலும் கல்லைப் பெயர்த்து, அடியில் நிரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம்.

மண் கெட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு யோசனை. முழு முற்றத்துக்கும் ஒரே மாதிரி போடவேண்டாம். கார் நிற்கும் பாதிக்கு 5 இஞ்ச் கனமும் கம்பியும் வையுங்கள். வீட்டை ஒட்டிய பழைய தரைக்கு 4 இஞ்ச் போதும், கம்பியே வேண்டாம். 5 இஞ்சாக்க 25 கன அடி கூடும், செலவு 3,860. பாதிக் கம்பி குறைவதில் 6,105 மிச்சம். அசல் 78,345 ஆகும், 15 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 90,000 வரும். அதே பணத்தில், பாரம் ஏறும் இடத்தில் நல்ல பலம்.

கம்பியில்லாமல் வெடிக்காதா என்று கேட்பீர்கள். காங்கிரீட் காயும்போது சுருங்கும், எங்காவது வெடித்தே தீரும். எங்கே வெடிக்கவேண்டும் என்று நாம் முன்கூட்டியே இடம் காட்டிவிடவேண்டும். 4 இஞ்ச் தளத்துக்கு 12 அடிக்கு மிகாமல் ஒரு வெட்டுக்கோடு, ஆழம் கனத்தில் கால் பங்கு. உங்கள் முற்றத்தில் நீளத்தில் ஏழரை அடிக்கு ஒன்று, அகலத்தில் நடுவில் ஒன்று போட்டால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். போட்ட மறுநாளைக்குள் வெட்டிவிடவேண்டும். வீட்டுச் சுவரோடு ஒட்டவிடாமல் அரை இஞ்ச் தெர்மகோல் வைக்கட்டும். இந்தக் கோடுகளுக்குச் செலவு கொஞ்சம்தான். ஆனாலும் எவருடைய சீட்டிலும் இதை நான் பார்ப்பது அபூர்வம். கேட்காவிட்டால் போடமாட்டார்கள்.

மழைத்தண்ணீர் போகும் வழியையும் அப்போதே பேசிவிடுங்கள். அடிக்குக் கால் இஞ்சில் பாதியாவது சரிவு வேண்டும். 20 அடிக்கு இரண்டரை இஞ்ச். தண்ணீர் ரோட்டுக்கோ அயல்வீட்டுக்கோ போகாமல், உங்கள் தென்னை மூட்டுக்கோ மழைநீர்க் குழிக்கோ போகட்டும். மதில் ஓரம் ஒன்றரை அடி மண்ணாகவே விட்டுவிடுங்கள், கிணற்றுக்கு நல்லது. மேற்பரப்பைத் துடைப்பத்தால் வரி இழுத்து விடச் சொல்லுங்கள். வழவழப்பாகத் தேய்த்தால் ஆடி மாதம் பாசி பிடித்து, வயதான உங்கள் மாமியார் வழுக்கி விழுவார். பளபளப்புக்காக மேலே வெறும் சிமென்ட் தூவித் தேய்ப்பதும் வேண்டாம், அது பாளம் பாளமாக உரியும்.

கருங்கல்லிலிருந்து கடல் தூரமில்லை. மலிவு என்று யாராவது கடற்கரை மணலைக் கலந்தால் உப்பு கம்பியைத் தின்றுவிடும். தண்ணீரும் குடிக்கிற தண்ணீராக இருக்கவேண்டும். ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் தண்ணீர் போதும், 30 லிட்டரைத் தாண்டவே கூடாது. வேலைக்காரர்கள் பரத்த எளிதாக இருக்கும் என்று தண்ணீர் கூட்டுவார்கள். அந்த ஒரு காரியத்திலேயே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பலத்தில் கணிசமான பங்கு போய்விடும். காங்கிரீட் போடும் நாளில் நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கவேண்டியதில்லை. மூன்றே காரியம் பாருங்கள்: தண்ணீர், ஓரப்பலகைக்குப் பலகை நூல் கட்டி டேப் இறக்கினால் வரும் கனம், சாயங்காலம் காலிச் சாக்குகளின் எண்ணிக்கை. இந்தப் புது அளவுக்கு 51, 52 சாக்கு இருக்கவேண்டும். மெட்டல் லாரி வந்தால் கொட்டுவதற்கு முன் நீளம், அகலம், உயரம் அளந்துவிடுங்கள். கொட்டிய பிறகு யாரும் அளக்க முடியாது.

கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சதுர அடிக்கு 40-ஐ 32 ஆக்கினால் உங்களுக்கு 4,800 மிச்சம். ஆனால் இரண்டு ஆள் குறைத்து வருவார், வெயிலில் அவசரப்படுவார்கள், கோடும் சரிவும் போய்விடும். பேரம் பேசவேண்டியது முன்பணத்தில். 90,000-க்கு 60,000 முன்பணம் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். 15,000 கொடுங்கள். படுகை இடித்து முடித்து, சாமான் முற்றத்தில் இறங்கியதும் 40,000. காங்கிரீட் போட்ட அன்று 25,000. மீதி 10,000-ஐ, நனைப்பு (காங்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நாட்கள்) முடிந்து, தண்ணீர் ஊற்றி எங்கும் தேங்கவில்லை என்று பார்த்தபின் கொடுங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார், ஏனென்றால் சாமானுக்குப் பணம் முடங்காமல் அவருக்கும் வந்துகொண்டிருக்கிறது.

மேலே சொன்ன கனம், கலவை, கம்பி, படுகை, கோடு, சரிவு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மூன்று பேரிடமும் கொடுத்து, "இதற்கு எவ்வளவு?" என்று புதிதாகக் கேளுங்கள். 57,000 சொன்னவர் எங்கே வந்து நிற்கிறார் என்று அப்போது தெரியும். யாரை முடிவு செய்கிறீர்களோ, அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு பெரிய தகராறு வந்து நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் அந்தத் தாள்தான் பேசும். வரி பற்றியும் ஒரு வார்த்தை. சிமென்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய விலையை வைத்து யாரும் கணக்குச் சொன்னால் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத ஒப்பந்தக்காரர் உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்க முடியாது.

உங்கள் மாமியாரின் கேள்வி பாக்கியிருக்கிறது. இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி சிமென்ட், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்தது; அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் பாத்தி கட்டியோ நனைந்த சாக்கு விரித்தோ வைக்கவேண்டும். இரண்டாம் நாள் முதல் ஆள் நடக்கலாம், காரை 14 நாள் கழித்து ஏற்றுங்கள். மார்ச் முதல் வாரம் போட்டால் ஏப்ரலில் வீட்டுக்காரர் வரும்போது வண்டி முற்றத்தில் நிற்கும். மிளகுக்கு மட்டும் அவசரப்படவேண்டாம். புது காங்கிரீட்டில் கொஞ்ச காலம் தூள் எழும், மிளகில் ஒட்டும். இந்த வருட மிளகை அம்மா தார்ப்பாயிலேயே காயப்போடட்டும்.